கண் கூசாத கோணம்

"அம்மா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

"உன் இஷ்டம்," என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"எத்தனை நாள் இருக்கட்டும்?"

"அதுவும் உன் இஷ்டம்தானே."

அவள் மறுபடியும் அலமாரியைத் திறந்தாள். மிச்சமிருந்த துணிகளையும் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அது மழைக்காலத் தொடக்கத்தில். இப்போது மழை ஓய்ந்து, மைதானத்தில் புல் காயத் தொடங்கிவிட்டது.

யார் வழியிலும் குறுக்கே நிற்காதவர் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால்தான் அவர் மனைவியைத் திரும்பக் கூப்பிடவில்லை. போனில் பேசும்போதெல்லாம் அந்த வார்த்தை தொண்டை வரை வரும். "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

தன் தம்பி நடத்தும் எலக்ட்ரிக்கல் கம்பெனிக்கு அவளும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்வி. டிப்ளமா படித்தவள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டாள். ஆபீஸில் கணக்கு வழக்கு பார்ப்பாளாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தத் தம்பிக்குத்தான் பள்ளி மைதானத்துக்கு விளக்கு போடும் வேலை கிடைத்திருந்தது. நான்கு மூலையிலும் கம்பம் நட்டு விளக்குகளை மாட்டியாகிவிட்டது. இன்றைக்கு அவற்றைத் திருப்பி, சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள், சுவிட்ச் அறையில் ஓர் ஆள்.

மேலே, கிரேன் கூண்டில், மைத்துனன் நின்றான். கீழே, கோல் கம்பங்களுக்கு நடுவே, ஆசிரியர். பந்து எந்தப் பக்கமிருந்து வரும், கோல்கீப்பர் எங்கே அண்ணாந்து பார்ப்பான் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. சுவிட்ச் அறை மைதானத்தின் அந்தக் கோடியில், ஒற்றை ஜன்னலோடு இருந்தது. மூன்று பேரிடமும் வாக்கி டாக்கி.

வேலை முடிந்ததும் மைத்துனனிடம் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். அக்காவைத் திரும்பி வரச் சொல், எனக்கு நேரில் சொல்ல வரவில்லை என்று.

வெயில் இறங்கியதும் ஆரம்பித்தார்கள்.

"நாலு," என்றான் மைத்துனன். நான்காவது விளக்கு எரிந்தது. "எப்படி மாமா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"கார்னர்ல இருந்து பந்து வந்தா தெரியுதா?"

"லேசா கூசுது. பரவாயில்ல."

"சம்பந்தி வீட்ல சாப்பிட உக்காந்த மாதிரி பேசாதீங்க மாமா. கூசுதுன்னா எந்தப் பக்கம் திருப்பணும்? நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

உன் இஷ்டம் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"கீழ," என்றார். விளக்கு தலையைத் தாழ்த்தியது. "இன்னும் கீழ. கொஞ்சம் வலது பக்கம். போதும்."

கேட்டதும் கிடைத்தது. அவருக்கே அது வியப்பாயிருந்தது.

ஐந்தாவது விளக்கு நேரே கண்ணில் குத்தியது. அவர் முகத்தைச் சுளித்தார். வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் விளக்கு அணைந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை காத்திருந்து, மெல்ல மெல்ல ஏறி எரிந்தது. ஆறாவதும் அப்படியே.

"நல்ல ஆளாத்தான் சுவிட்ச் ரூம்ல போட்டிருக்க, மச்சான். நான் சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிறாங்க."



"பழக்கந்தான் மாமா," என்றான் மைத்துனன். "சொல்லாமலே புரிஞ்சுக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல."

கம்பம் கம்பமாக முடித்தார்கள். கடைசியில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. புல்லின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

எதிரே ஒரு முகமும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. மைத்துனன் இறங்கி வந்து நின்றால் இதுவும் வாயில் வராது. ஆசிரியர் பொத்தானை அழுத்தினார்.

"மச்சான், அக்காகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"நீதான் சொல்லணும்."

"நான் என்ன மாமா, தபால்காரனா? அவ லைன்லதான் இருக்கா. சாயந்தரத்திலிருந்து உங்களுக்கு லைட் போட்டு அணைச்சிட்டிருக்கிறது வேற யாருன்னு நினைச்சீங்க?"

ஆசிரியர் சுவிட்ச் அறைப் பக்கம் திரும்பினார். விளக்குகளுக்கு அப்பால் ஜன்னல் இருந்த இடம் வெறும் இருட்டாயிருந்தது. அங்கிருந்து பார்த்தால் அவருடைய முகத்தில் ஒரு மயிரிழைகூடத் தப்பாது. அவருக்கோ அவளுடைய நிழல்கூடத் தெரியவில்லை.

 

வெளிச்சம் தாங்காமல் அவர் கண்ணைச் சுருக்கினார். இந்த முறை ஒரு விளக்கும் அணையவில்லை.

பொத்தானை அழுத்தினார். விட்டார். திரும்பவும் அழுத்தினார்.

"வீட்டுக்கு வந்துடு," என்றார். "இன்னைக்கே."