படியேறும் லிஃப்ட் மெக்கானிக்

"உங்க மெக்கானிக்கே ஏறப் பயப்படுற லிஃப்ட்ல எங்களை மட்டும் ஏறச் சொல்றீங்களா?"

நாலாவது மாடி டீச்சரம்மா லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசரிடம் போனில் கேட்டாள். முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரல். சூப்பர்வைசர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"உங்க ஆளு வந்தாரு. கதவைச் சரி பண்ணாரு. 'எல்லாம் சரியாயிடுச்சு, தாராளமா போங்க'ன்னாரு. சொல்லிட்டு, அவரு மட்டும் படியில ஏறி மொட்டை மாடிக்குப் போறாரு! பார்த்துட்டு நாங்க எப்படி ஏறுவோம்? ரெண்டு நாளா பன்னிரண்டு மாடி ஜனமும் படியிலதான் போய் வருது."

சூப்பர்வைசருக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். மூன்றும் ஒரே ஆள் மேல்.

சாயங்காலம் அந்த ஆள் வந்து நின்றான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தோளில் டூல்ஸ் பை.

"இன்னைக்கு எத்தனை மாடி?"

"அறுபத்தி நாலு சார்" என்றான், பரிசு வாங்கியவன் மாதிரி.

"பெருமையா வேற சொல்றியா? ஹோட்டல் சமையல்காரன் பக்கத்துக் கடையில போய்ச் சாப்பிட்டா, அந்த ஹோட்டல் விளங்குமா?"

"உடம்பைக் குறைக்கணும் சார். வேற நேரமே கிடைக்கலை."

"காலையில நடக்கிறதுதானே? ஊரே நடக்குது."

"நடந்தேன் சார், நாலு நாள். நாலு நாளும் பாதித் தெருவுல போன் வந்துடுச்சு. யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டுக் கத்துறாங்க."

"ஜிம்முக்குப் போ."

"போனேனே! மூணாம் நாள் அந்தக் கட்டட லிஃப்ட்டே நின்னுபோச்சு. அரை டிரௌசரோட அதைச் சரி பண்ணிக் கொடுத்துட்டு வந்தேன்."

பக்கத்து மேஜையில் போன் எடுக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒரு நாளைக்கு எட்டுக் கட்டடம் ஓடுகிறான் என்று அவருக்கும் தெரியும். அதற்காகக் கம்பெனி மானத்தையா வாங்குவது?

"நாற்பத்தஞ்சு வயசுல சினிமாவுல நடிக்கப் போறியா? இன்னொரு தடவை உன்னைப் படியில பார்த்தேன், ஸ்டோர்ல உட்கார வெச்சிடுவேன். நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கிட்டுக் கிட."

அவன் முகம் சுண்டிப்போனது.

"ஸ்டோர் மட்டும் வேணாம் சார். மூணே வாரம். அப்புறம் நீங்க எங்க உட்காரச் சொன்னாலும் உட்காருறேன்."

"மூணு வாரத்துல என்ன, கல்யாணமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரம் ஒரு புகாரும் இல்லை. புகார் என்ன, டீச்சரம்மாவே கூப்பிட்டுப் பாராட்டினாள். "சர்வீஸ் முடிச்சதும் எங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு மேலயும் கீழயும் மூணு தடவை போய்க் காட்டினாரு. தங்கமான மனுஷன்!"

சூப்பர்வைசருக்கு இது சரியாகப் படவில்லை. இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருகிற ஆள் இல்லையே இவன்? மூன்றாவது வாரம் அவன் வேலை செய்கிற ஒரு கட்டடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனார். லிஃப்ட் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது மாடியில் இறங்கி, படிக்கட்டுக் கதவைத் திறந்தார்.

கீழேயிருந்து மூச்சிரைக்கிற சத்தம். பையைச் சுமந்துகொண்டு, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தான் மெக்கானிக்.

"ஓஹோ! அங்க காட்டுறது ஒண்ணு, இங்க நடக்கிறது ஒண்ணா?"

"அவங்க பயம் போகணும்னு லிஃப்ட்ல போனேன் சார். இது என் சொந்த வேலைக்கு."

"நாளையிலிருந்து ஸ்டோர்தான். பேச்சே கிடையாது."

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்." சட்டைப் பையிலிருந்து வியர்வையில் ஈரமான ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். ஆஸ்பத்திரிக் காகிதம்.

"என் கல்லீரல்ல ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கணும் சார். டெஸ்ட் பண்ணிட்டு, 'உன்னோடதுல கொழுப்பு படிஞ்சிருக்கு, இப்படியே எடுக்க முடியாது, ரெண்டு மாசத்துல எட்டு கிலோ குறைச்சுட்டு வா'ன்னுட்டாங்க. ஏழரை குறைச்சுட்டேன். திங்கட்கிழமை மறுபடி ஸ்கேன்."

சூப்பர்வைசர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா லீவு கொடுத்திருப்பேனே?"

"லீவு ஆபரேஷனுக்கு அப்புறம் வேணும் சார். ரெண்டு மாசம் பையே தூக்கக் கூடாதாம்."

"யாருக்குப்பா? உன் பொண்ணுக்கா?"

"இல்லை சார். எங்க அண்ணனுக்கு."

"எந்த அண்ணன்? உங்கம்மா செத்ததைக்கூட உனக்குச் சொல்லாம எல்லாத்தையும் முடிச்சாரே, அந்த ஆளா?"

"அவரேதான்."

"இப்ப ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?"

"எங்க சார்! ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்தா அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கிறார். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"அப்புறம் எதுக்குய்யா இந்தப் பாடு?"

மெக்கானிக் பையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தான்.

"எங்க சண்டை இன்னும் முடியலை சார். அதுக்குள்ள அவரை எப்படிப் போக விடுறது?"