எல்லாம் அழிந்துவிடும்

இறந்துபோன கணவனின் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் அவள் கதவைத் திறந்தாள். கொழுந்தன் அதைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான்.

"இன்னும் அண்ணன் நெனப்புலயே இருக்கீங்களா அண்ணி?"

"கழட்ட மனசு வரல தம்பி. எங்கெங்கயோ இருக்கறவங்ககூட எல்லாம் இதுல பேசிக்கிட்டேதான் கேம் ஆடுவார்."

உள்ளே வந்தவன் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் தானே போட்டான். அண்ணன் செத்த இரண்டு மாதத்தில் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன், அவள் போன் செய்த இருபதாவது நிமிடம் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றான்.

போனில் அவள் சொன்னது இவ்வளவுதான். "அவரோட ஹார்ட் டிஸ்க் ஒண்ணு அலமாரியில கெடைச்சுது. அந்தக் கட்டட வேலைப் படமா இருக்கும்போல. எனக்கு எதுக்கு அது? கேம் பெட்டியில இடம் இல்லன்னு காட்டுது. இந்த டிஸ்க்கை அதுக்கு மாத்தி வச்சுட்டா எனக்குப் பொழுதாவது போகும். எப்படின்னு தெரியல, வந்து செஞ்சு குடுங்க."

அண்ணன் அந்தக் கட்டடத்தின் இன்ஜினியர்; தம்பி அதன் காண்ட்ராக்டர். அதன் மூன்றாவது மாடியிலிருந்து அண்ணன் விழுந்த அன்று தம்பி வெளியூரில் இருந்தானாம். கால் தவறியது என்று எழுதிக் கதையை முடித்துவிட்டார்கள். ஒரு பெண் எஸ்.ஐ. மட்டும் மனசு ஒப்பாமல் இருந்தார்.

"அந்த எஸ்.ஐ. அம்மா இன்னும் வருதா?" டிஸ்க்கை உள்ளங்கையில் எடை பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு கேட்டான்.

"வந்தாங்க. ஒரு சாட்சியாவது இருந்தாத்தான் மேல போக முடியும்னாங்க."

"இதைக் காட்டலையே?"

"இல்ல. முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணேன்."

அவன் முகம் தெளிந்தது. டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான். "ரொம்பப் பளபளன்னு இருக்கே?"

"தொடச்சு வச்சேன் தம்பி."

டி.வி.க்குப் பக்கத்தில் நாலைந்து ஒயர்கள் சேரும் ஒரு ஹப் இருந்தது. அதில் சொருகினான். கேம் பெட்டி ஏற்கவில்லை.

"நேரா பெட்டிக்குப் பின்னாடி சொருகுங்க." அவள் ஒரு துணியை எடுத்து டி.வி. மேசையைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். "அப்புறம் செட்டிங்ஸ். அதுல கீழ ஸ்டோரேஜ்."

"தெரியலன்னீங்க?"

"அவர் செய்யறப்ப பாத்ததுதான்."

திரையில் எழுத்து வந்தது. இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. தொடரலாம் என்பதை அவன் அழுத்திய வேகத்தில் கட்டுப்பாட்டுக் கருவி கையிலிருந்து நழுவி விழப் பார்த்தது.

ஒரு வெள்ளைக் கோடு மெல்ல நீண்டது. அவன் கண் அதை விட்டு அசையவில்லை. அவள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்தான் தொடைப்பீங்க அண்ணி?"

"நீங்க தொடச்சு முடிக்கற வரைக்கும்."

அவன் சிரித்தான். அவள் கழுத்தில் ஹெட்செட்டின் ஓரமாகக் கடுகளவு நீல வெளிச்சம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சிரிப்பில் அதை அவன் கவனிக்கவில்லை.

கோடு முடிந்தது. டிஸ்க் தயார் என்றது திரை. சோபாவில் சாய்ந்து, காலைத் தூக்கி டீப்பாய்மேல் போட்டுக்கொண்டான். வந்ததிலிருந்து இப்போதுதான் அவன் மூச்சு சீராக வந்தது.

"ஒண்ணு கேக்கட்டா தம்பி? ஒருவேளை இதுக்கு அவர் இன்னொரு காப்பி எடுத்து வச்சிருந்தா?"

கால் கீழே இறங்கியது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். மிக அருகில் நின்றான். குரல் தாழ்ந்தது.

"இருந்தா இன்னைக்கே என்கிட்ட குடுத்துடுங்க. அண்ணன்கிட்டயும் நல்லபடியாத்தான் கேட்டேன். கம்பி மெலிசு, சிமெண்டு மட்டம்னு படமா எடுத்து வச்சுக்கிட்டு, மாடி விளிம்புல நின்னு எனக்கே பாடம் நடத்தினான். பேசாம குடுத்திருந்தா நான் ஏன் கையை நீட்டப்போறேன்?"

அவள் கையில் துணி நின்றது.

"அன்னைக்கு நீங்க வெளியூர்ல இருந்தீங்களே?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்களும் அப்படியே நெனச்சுக்கங்க." பால்கனிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான். "இந்த வீடும் மூணாவது மாடிதான் அண்ணி."

அவள் துணியை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"அந்த டிஸ்க்ல ஒண்ணுமே இல்ல தம்பி. இன்னைக்குக் காலையிலதான் கடையில வாங்கினேன்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவளை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தான்.

அப்போது அவள் கழுத்திலிருந்து, ஹெட்செட்டுக்குள்ளிருந்து, ஒரு பெண்ணின் குரல் நிதானமாகக் கேட்டது.

"போதும்மா. கதவைத் திறங்க."