வராத கை

ஞானசுந்தரி ஸ்டூலின் மேல் ஏறி நின்றாள். பரணை நோக்கி நீண்டிருந்த அவள் கைகளில், குப்பனூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி.

நடைக்கம்போடு வாசற்படியில் நின்று மரியஅந்தோணி பார்த்தார். பெட்டியை இறக்குகிறாள். கிளம்பப் போகிறாள்.

பையனைப் பிடிக்கவில்லை என்று மகள் ஸ்டெஃபியின் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அன்றைக்கு மலையிறங்கிய மனைவி ஞானசுந்தரி, மகளோடு குப்பனூரிலேயே தங்கிவிட்டாள். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் விழுந்த பிறகுதான் ஏற்காட்டுக்குத் திரும்பி வந்தாள்.

"கைகால் சரியாவுற வரைக்குந்தானுங்க இருப்பேன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

கால் சீக்கிரமே வந்துவிட்டது. கக்கூஸுக்குக்கூட அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போகக் கூச்சப்பட்டு, விழுந்து எழுந்து நடந்து பழகினார்.

கைதான் வரவில்லை.

பிசியோதெரபி செய்ய வரும் இளைஞன் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், விரல்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"நீங்க மனசு வெச்சாத்தானுங்க அங்கிள் கை வரும். சும்மா வெச்சிருந்தா அது வேலையே மறந்துரும்" என்று கெஞ்சுவான்.

அவள் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அந்தக் கை சட்டைப் பொத்தான்களைப் போட்டுப் பார்க்கும், கழற்றிப் பார்க்கும். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் மடியில் செத்துக் கிடக்கும்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுவாள்.

இப்போது ஸ்டூல் ஆடியது. அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் கம்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்திருந்தார். வலது கை அவள் புஜத்தை இறுகப் பற்றி நிறுத்தியது. பெட்டி தரையில் விழுந்து வாயைப் பிளந்தது.

இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். அவர் பிடியைத் தளர்த்தப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை.

"இனி நீ போயிருவே" என்றார்.

அவள் மெல்ல இறங்கி, விழுந்த பெட்டியைக் காட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. அவள் சேலைகள் அலமாரியில், அவர் சட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன.

"மேல போட்டு வெக்கத்தானுங்க ஏறினேன்."

அவருக்கு மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"கை வந்தது எனக்கு எப்பவோ தெரியுமுங்க. நான் வாயத் தொறந்திருந்தா, சொன்ன சொல்லுக்குக் கெளம்பியாவணுமில்லீங்களா?"