ஐந்து மணி வரைதான் இந்த விலை

"வேண்டாம் கண்ணு, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு..." என்று டோரீன் ஹெப்பிள் ஆரம்பிப்பதற்குள் நெவிலின் வலது கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. இடது காலும் தோல்பையும் பின்னாலேயே வந்தன.

அவன் நாட்டின் தெற்கிலிருந்து வடக்கே இந்தக் கேட்ஸ்ஹெட் ஊருக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வேலை, வீடுகளின் கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் குளிர் தாங்கப் பஞ்சு விரிக்கச் சொல்லி விற்பது. தெருவைப் பார்த்ததுமே நாக்கில் எச்சில் ஊறியது. ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்தடுத்து இரண்டு வாசற்கதவு! டோரீன் வீட்டில் ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. ஒரு கதவு போதாதவர்களிடம் பணத்துக்கு என்ன குறைச்சல் என்று பச்சையைத் தட்டினான்.

அவன் நிலைமையும் கழுத்தில் கத்திதான். இந்தப் பத்து நாளில் ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒன்றாவது வராவிட்டால் கம்பெனி கார்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ரயிலேறலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் விதியை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிக்கொண்டான்: வாடிக்கையாளரை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடாதே.

"கண்ணு, பரண்னு சொன்னியே, அது வந்து..."

"அதைத்தான் மேடம் சொல்ல வரேன்!" நெவில் கையிலிருந்த டேப்லெட்டை நீட்டினான். கறுப்புப் பூஞ்சை பிடித்த உத்தரங்கள், நனைந்த அட்டைப்பெட்டிகள். "பாருங்க. உங்க பரண். போன வாரம் எங்க ஆளு ஸ்பெஷல் கேமராவுல தெருவுல நின்னே எடுத்தது."

டோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையாகப் பார்த்தாள். "இதுதான் என் பரணா?"

"சத்தியமா உங்க பரண்தான்."

"எழுபத்திரண்டு வயசாச்சு, இப்பத்தான் பாக்கறேன்."

அப்போது தலைக்கு மேலே தொம் தொம் என்று சத்தம் கேட்டது. நெவில் விரலை உயர்த்தினான். "கேட்டீங்களா? அணில்! பஞ்சு இல்லாத பரண்னா குடும்பத்தோட வந்து உக்காந்துக்கும்."

"குடும்பம்தான். காலையில ஏழு மணிக்கெல்லாம் ஆரம்பிச்சிடும். ஞாயித்துக்கிழமை மட்டும் ஒன்பதாகும்."

அதை அவன் காதில் வாங்கவில்லை. அவன் கண் கடிகாரத்தில் இருந்தது. மணி மூன்று. "மொத்தம் ஆறாயிரம் பவுண்டு மேடம். ஆனா இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் மட்டும், உங்களுக்கு மட்டும், மூவாயிரம்!"

"நல்ல மனசுப்பா உனக்கு. ஏறி ஒரு தடவை நேர்ல பாத்துட்டுச் சொல்றியா? அதுக்கு நீ..."

"ஏறவே வேண்டாம் மேடம்! அதான் படம் இருக்கே!"

டோரீன் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒரு தெளிவு வந்தது. "அப்ப சரி. யோசிக்கறேன். அதுக்குள்ள அந்தச் சமையல்கட்டு பல்பை மாத்திக் குடுத்துடறியா கண்ணு? எனக்கு எட்டாது."

வாடிக்கையாளரிடம் நெருக்கம் உண்டாக்கு என்பது இரண்டாம் விதி. நெவில் பல்பை மாற்றினான். அடுத்து மெத்தையைத் திருப்பிப் போட்டான். அலமாரியை ஜன்னலிலிருந்து சுவர்ப்பக்கம் தள்ளி, அங்கே நன்றாக இல்லை என்று அவள் சொன்னதும் மறுபடி ஜன்னலுக்கே தள்ளினான். கொல்லையில் இருந்த குப்பைத் தொட்டிகளைப் பின்சந்துக்கு இழுத்துவிட்டு வந்தான். நடுநடுவே மேனேஜருக்குப் போன் போட்டு, "ஐயோ பாவம் சார், வயசானவங்க" என்று கெஞ்சுவதுபோல் நடித்து விலையை இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுவந்தான். டையை அவிழ்த்துப் பையில் போட்டாகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வந்தவனுக்கு டீ மட்டும் வரவில்லை.

மணி ஐந்தாக இன்னும் ஐந்து நிமிஷம். மேனேஜரே போனில் வந்தார். நெவில் ஸ்பீக்கரில் போட்டான்.

"கையெழுத்தாச்சா, இல்லையா?" என்று போன் உறுமியது.

"இதோ சார், பேனா அவங்க கையிலதான் இருக்கு!"

டோரீன் படிவத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். நெவிலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசி வரியில் விரல் நின்றது. 'மேற்படி பரண் எனக்கே சொந்தமானது என்று உறுதி கூறுகிறேன்.' அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"என்ன மேடம், பேனா எழுதலையா?" என்றான் நெவில்.

"பேனா நல்லாத்தான் எழுதும். வாசல்ல வச்சே சொல்ல வந்தேன், உள்ள வந்தப்புறமும் ரெண்டு தடவை சொல்ல வந்தேன். நீ எங்க விட்ட?"

மேலே அணில்கள் குடுகுடுவென்று ஓடின. யாரோ ஒரு பெண்பிள்ளை அவற்றை அதட்டினாள்.

"எனக்குச் சொந்தம் இந்தக் கீழ் வீடு மட்டும்தான் கண்ணு. பரண் மாடி வீட்டுக்காரங்களோடது. வேணும்னா சிவப்புக் கதவைத் தட்டு."