நீலக் கேட்

நீலக் கேட் கண்ணில் பட்டதும் டிரைவர் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். பஸ் எறும்பாக ஊர்ந்தது. கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்டாப்பே இல்லாத இடத்துல தினமும் எதுக்குண்ணே உருட்டுறீங்க? லேட்டானா டிப்போவுல நான்தான் பாட்டு வாங்குறேன்."

கேட்டுக்குள் ஓர் அம்மாள் கையில் ஹோஸோடு நின்றிருந்தாள். பார்வை முழுக்க பஸ் மேல். பூந்தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

"ஓ, சங்கதி அப்படிப் போகுதா? ரிட்டயர் ஆகுற வயசுல இது தேவையாண்ணே? அண்ணிகிட்ட போட்டுக் கொடுக்கவா?"

"தாராளமா சொல்லு. ஆனா அவங்க என்னைப் பார்க்கல."

"பின்ன?"

"கண்ணாடியில பாரு. மூணாவது சீட், ஜன்னலோரம்."

நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், தலையைக் குனிந்தபடி.

"மூக்கும் முழியும் அச்சு அசல் அந்த அம்மா. பஸ்ஸே காலியா இருந்தாலும் இந்தப் பக்கம்தான் உக்காரும். கேட் வந்தா மட்டும் குனிஞ்சுக்கும். என்ன கோபமோ."

கண்டக்டருக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை.

"அப்போ அம்மா தினமும் வாசல்ல நிக்கிறது இந்தப் பொண்ணுக்குத் தெரியவே தெரியாதா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் நிமிர்ந்தாள். மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, இங்கேயே இறங்கிக்கிறேன்."

ஸ்டாப்பே இல்லாத இடத்தில் கண்டக்டர் விசில் ஊதினார்.