சிலுப்பியின் கெட்டி முட்டை

சிலுப்பி என்ற கோழிக்கு ஒரே குழப்பம். அவள் போடும் முட்டை கல் மாதிரி கெட்டி; கால்கள் மட்டும் நிற்கும்போதே வெடவெடவென்று நடுங்கின. அன்றும் உயரமான கூண்டிலிருந்து குதிக்கப் போனாள்.

"அக்கோவ், நில்லு! கால் முறிஞ்சிடும்!" என்று கீழேயிருந்து கத்தினான் நத்தைத் தம்பி.

"நான் என்ன கண்ணாடியா? என் முட்டையைத் தட்டிப் பாருடா, டங்குன்னு கேக்கும்!"

"கேக்கும், கேக்கும். அந்த ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கேருந்து வந்துச்சாம்?"

சிலுப்பி கூண்டில் கிடந்த முட்டையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். மறுபடியும் முட்டையைப் பார்த்தாள்.

"அடப்பாவி! தினமும் என் கால் எலும்பைத்தான் முட்டையா போட்டுட்டிருக்கேனா?"

"வெயில்ல கிளிஞ்சல் தூள் கிடக்கு, அதுலயும் சுண்ணாம்பு இருக்கு, வந்து கொத்து."

கூண்டின் மேல் சாய்த்து வைத்திருந்த பலகையில் ஒவ்வோர் அடியாகப் பதித்து இறங்கினாள் சிலுப்பி. பாதி வழியில் முட்டையைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள்.