வெட்டிய இடம்

கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் அவர் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினார்.

தொட்ட அதே விரலால் டேப் ரிக்கார்டரின் பொத்தானையும் அமுக்கினார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவளுடைய அம்மாவின் குரல்.

மாவட்ட நூலகத்தின் மாடிக் கூடம். 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே ஐம்பது அறுபது பேர். மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் எழுத்தாளர் ஞானவடிவேல். பிடில் வரதையரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிவிட்டு, ஊர் ஊராய் நூலகங்களில் இசை வரலாறு பேசிக்கொண்டிருப்பவர். மற்றதில் அவள். அழைப்பிதழில் அவளுக்கு 'பாட்டு விளக்கம்' என்று ஒரு வரி. பேர் போடவில்லை.

அம்மா பாடினாள். பின்னால் வரதையரின் பிடில் இழைந்தது.

"பிடிலக் கவனிங்க, பிடிலக் கவனிங்க" என்று அம்மாவின் குரலுக்கு மேல் ஏறிப் பேசினார் ஞானவடிவேல்.

பாட்டு முடிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ, இப்போது வரும்.

வரவில்லை. டக்கென்று நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் இசைத்தட்டை அச்சடித்தது கடலுக்கு அப்பால். எந்தப் பாட்டு யாருடையது என்று அங்கே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் பாடி முடித்த கையோடு, பாடியவரே தன் பேரை உரக்கச் சொல்லிவிட வேண்டும். அம்மாவும் சொல்லியிருந்தாள். ஊர்ப் பேரும் தன் பேரும். மூச்சு வாங்க, கொஞ்சம் கர்வத்தோடு.

சின்ன வயதில் அவளுக்குப் பாட்டைவிட அதுதான் பிடிக்கும். முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்து அதையே கேட்பாள்.

"ஒங்கம்மாவ இனிமே ஊரே கேக்கப் போவுது" என்று சொல்லித்தான் ஞானவடிவேல் தட்டை வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது அது இரண்டு துண்டு. பஸ்ஸில் யாரோ மேலே உட்கார்ந்துவிட்டார்களாம். கேசட்டில் பதிந்தாகிவிட்டது, கவலை வேண்டாம் என்றார்.

அம்மா இனி அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

"இதுக்கப்புறம் அந்தம்மா தன் பேரக் கத்தும் பாருங்க..." ஞானவடிவேல் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கீச்சுக் குரலில் கத்திக் காட்டினார். "நான்ன்ன் இன்னாரூ!"

சபை சிரித்தது. நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரே காமெடி. வித்வத்துக்கு நடுவுல அது எதுக்குன்னு வெட்டிட்டேன்."

அவளுக்கு முதுகில் பல்லி விழுந்தாற்போல் உடம்பு கூசியது.

அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார். மசால்வடை வாடை.

"ஒங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். பேரச் சொன்னா எந்தத் தெரு, என்ன குலம்னு தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. ஒங்க பேத்திக்குக் கல்யாணம் காட்சி ஆவணுமில்ல? நீங்க பாட்ட மட்டும் பாடுங்க. கடசியில பேரு கீருன்னு ஏதாச்சும் சொன்னீங்கன்னா, அதையும் வெட்டிருவேன்."

பக்கத்தில் இன்னொரு டேப் ரிக்கார்டர் சிவப்பு விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய பேச்சும் பாட்டும் நூலகத்து அலமாரிக்குப் போகும். கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பார்கள்.

அவர் கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. வைதிருந்தால் திருப்பி வைதிருக்கலாம்.

பேத்தியின் முகம் வந்து போனது. இந்த ஆள் சொல்வதும் சரிதானோ என்று ஒரு நொடி தோன்றியது.

அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

சுருதிப் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

தோழியைத் தூது அனுப்புகிற பதம் அது. 'யாரென்று கேட்டால் பேரைச் சொல்லடி' என்று ஒரு வரி வரும். அந்த வரியில் நின்று, அதையே விதவிதமாக விரித்துப் பாடுவது அம்மாவின் வழக்கம்.

அவளும் நின்றாள்.

முதல் தடவை அம்மா பாடியபடியே பாடினாள். ஞானவடிவேல் தலையை ஆட்டி ரசித்தார்.

இரண்டாம் தடவை,

யாரென்று கேட்டால், பட்டீஸ்வரம் குஜலாம்பாள் என்று சொல்லடி.

சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. பேர் தாளத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

மேலே ஏறி ஒரு தடவை. கீழே இறங்கி ஒரு தடவை. குஜலாம்பாளில் தொடங்கி, பட்டீஸ்வரத்தைச் சுற்றி வந்து, மறுபடி குஜலாம்பாளில். முன்வரிசையில் ஒருவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பல்லவிக்குத் திரும்பும்போதும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டேதான் திரும்பினாள்.

ஞானவடிவேலின் தலை எப்போதோ ஆட்டத்தை நிறுத்தியிருந்தது.

பாட்டு முடிந்தது. கடைசியில் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவள் மாதிரி வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டம் டீக்கு எழுந்தது.

ஞானவடிவேல் கட்டைவிரலை நாக்கில் தொட்டார். சிவப்பு விளக்குப் பெட்டியில் இன்று பதிந்த கேசட்டைப் பின்னால் ஓட்டினார். நிறுத்தி, அமுக்கினார்.

குஜலாம்பாள்.

இன்னும் கொஞ்சம் ஓட்டினார்.

குஜலாம்பாள்.

டீயும் கையுமாக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடி ஓட்டினார்.